பொன்முடிக்குச் சென்று வந்தோம்

பிறரை வழியனுப்புவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தாம் பயணம் போக நேரம் வாய்ப்பதில்லை. இரயில்வே எழுத்தர் குடும்பமாகிய எங்களுக்கும் அதுவே கதை. ஊரார் எந்த வண்டியில் எங்கே சென்றார்கள் என்ற கணக்கெல்லாம் எங்கள் பேரேட்டில் இருக்கும். எங்கள் கால் பட்ட இடங்களோ ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அத்தகைய நாங்கள் சென்ற மார்கழியில், பள்ளிகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டிருந்த நாட்களில், பொன்முடி மலைக்குச் சென்று ஓர் இரவு குடிலில் தங்கித் திரும்பினோம். இரண்டே நாள் பயணந்தான். ஆயினும் அது எங்கள் இல்லத்தில் நெடுநாள் இறுகிக் கிடந்த ஒன்றை இளக்கிவிட்டது. ஆதலின் அதனை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நாங்கள் குடியிருப்பது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, தென்னையும் வாழையும் மரவள்ளியும் மண்டிய ஒரு சிற்றூர். தென்கிழக்கே சற்றுத் தொலைவு சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை அவ்வாறு அமைந்ததாயினும், இவ்வூர்ச் சந்தைகளில் இன்றும் இரு மொழிகளும் கலந்தே ஒலிக்கின்றன. வாழைக்குலைக்கு ஒருவர் மலையாளத்தில் விலை கேட்பார். மற்றவர் தமிழில் குறைத்துச் சொல்வார். பேரம் மட்டும் தவறாமல் படிந்துவிடும்.

நாங்கள் இவ்வூரினர் அல்லர். அம்பாசமுத்திரத்தை அடுத்த ஓர் ஊரே எங்கள் பிறந்த மண். உத்தியோகத்தின் பொருட்டு இப்பக்கம் வந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. தந்தையார் காலமாகிவிட்டபடியால், தனித்திருந்த அன்னையாரையும் உடன் அழைத்து வந்தோம். ஊரில் உள்ள ஓட்டு வீட்டைப் பூட்டித் திறவுகோலை அன்னையார் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். ஆண்டுக்கு ஒரு முறை சித்திரை விசுவுக்குப் பாபநாசம் செல்வதும், அப்படியே வீட்டைத் திறந்து பெருக்கி விளக்கேற்றி வருவதும் வழக்கமாயிருந்தது. பிறகு அதுவும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிற்று. உத்தரத்தில் கறையான் ஏறியது. மேற்குச் சுவர் மழையில் சாய்ந்தது. செப்பனிடக் கையில் பணம் இல்லை; செப்பனிட்டாலும் அங்கே குடியிருக்க ஆள் இல்லை. பலவாறு எண்ணிப் பார்த்துச் சென்ற ஐப்பசியில் அவ்வீட்டை விற்றுவிட்டோம். பத்திர அலுவலகத்தில் அன்னையார் கையெழுத்திட்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எங்களை வருத்தியது. ஏசியிருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பின் பின்கட்டில் நின்று பார்த்தால், வானம் தெளிந்த நாட்களில், வடக்கே மலைத்தொடரின் நடுவில் ஒரு சிகரம் நீலமாய்த் தெரியும். அதுவே அகத்தியர்கூடம். 1,868 மீட்டர் உயரம் உடையது. தமிழர்களாகிய நாம் பொதிகை என்று போற்றுவது இம்மலையையே. அன்னையார் பிறந்த ஊரிலிருந்து பார்த்தால் அது தென்மேற்கில் நிற்கும். பொழுது அம்மலைத்தொடரின் பின்னேதான் சாயும். இங்கே வந்த முதல் வாரத்தில் அக்கம்பக்கத்தார் அம்மலையின் பெயரைச் சொல்லக் கேட்டதும் அன்னையார் முகம் மலர்ந்தது இன்றும் நினைவில் உள்ளது. “அப்போ நாம மலைக்கு முதுகுப் பக்கம் வந்திருக்கோம்” என்றார். அன்றுமுதல் காலையில் காப்பிக் குவளையுடன் பின்கட்டில் நின்று அம்மலையைப் பார்ப்பது அவருக்கு ஒரு நியமமாயிற்று. வீடு விற்ற நாள்முதல் அந்நியமம் நின்றுவிட்டது. காப்பியை அடுக்களையிலேயே குடித்துவிடுவார்.

ஒருநாள் இரவு எங்கள் இல்லாள், “அத்தையை மலைப்பக்கம் ஒரு தடவை கூட்டிப் போய் வரலாமே, கிட்டத்தில் பார்த்தால் மனசு கொஞ்சம் தெளியும்” என்றார். அகத்தியர்கூடத்தில் ஏறுவதென்பது எழுபது கடந்தவர்க்கு இயலாத செயல். போனக்காட்டிலிருந்து காட்டு வழியே கால்நடையாகச் செல்ல வேண்டும். வனத்துறையின் இசைவும் பெற வேண்டும். பருவத்தில் சில வாரங்களே வழி திறந்திருக்கும். பெண்களுக்கு அங்கே நெடுங்காலம் இருந்த தடை, கேரள உயர்நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பால் நீங்கியது. சட்டம் வழிவிட்டாலும் முழங்கால் வழிவிட வேண்டுமே! ஆகவே பேருந்து செல்லும் மலையாகிய பொன்முடியைத் தேர்ந்தெடுத்தோம். அம்மலையின் உச்சியிலிருந்து வானம் தெளிந்திருந்தால் அகத்தியர்கூடத்தைக் காணலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் தற்செயல் விடுப்புக்கு விண்ணப்பித்தோம். அங்குள்ள சுற்றுலாக் குடில் ஒன்றையும் முன்பதிவு செய்துகொண்டோம். அன்னையாரிடம் மலையைப் பற்றிச் சொல்லவில்லை. குழந்தைகளுக்காகக் குளிர்ப்பிரதேசம் ஒன்றுக்குப் போகிறோம் என்று மட்டுமே சொன்னோம்.

புறப்படும் நாளில் விடியற்காலை பாறசாலையில் பயணியர் வண்டி ஏறினோம். எங்கள் மூட்டையில் கம்பளி குறைவு; இட்லியும் மிளகாய்ப்பொடியும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் மிகுதி. திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் இவ்விருப்புப்பாதை 1979ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் இவ்வூர்களில் வாழ்ந்தோர்க்குச் சாலை வழியே கதி. தனுவச்சபுரம், அமரவிளை கடந்ததும் வண்டி நெய்யாற்றைத் தாண்டுகிறது. இவ்வாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்திலேதான் 1888ஆம் ஆண்டில் ஸ்ரீநாராயண குரு சிவலிங்கம் ஒன்றை நிறுவினார். சாதிக் கட்டுப்பாட்டின் வேரை அசைத்த செயல் அது. அடுத்து வருவது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை ஆண்ட பலராம வர்மாவின் பெயர் தாங்கிய இவ்வூரின் கைத்தறி நெசவாளர்களின் முன்னோர், அக்காலத்தில் தமிழ்ச்சீமையிலிருந்து அழைத்து வந்து குடியேற்றப்பட்டோர். பிழைப்புத் தேடி எல்லை கடந்த முதல் தமிழர் நாமல்லர் என்பதை அவ்வூரைக் கடக்குந்தோறும் எண்ணிக்கொள்வோம்.

திருவனந்தபுரம் நிலையத்துக்கு எதிரிலேயே தம்பானூர்ப் பேருந்து நிலையம். அங்கிருந்து பொன்முடி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். முதலில் வருவது நெடுமங்காடு. 17ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட உமையம்மை ராணிக்காகக் கட்டப்பட்ட கோயிக்கல் அரண்மனை இங்கே இருக்கிறது. இப்பொழுது அது நாட்டுப்புறக் கலைப்பொருள்களும் பழநாணயங்களும் வைக்கப்பட்ட காட்சியகம். நேரம் இன்மையால் இறங்கவில்லை. சுள்ளிமானூரில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பாலோட்டுக்குச் செல்கிறது. அங்கேயுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தின் அறிஞர்கள், அகத்தியமலைக் காட்டில் வாழும் காணிமக்களிடமிருந்து ‘ஆரோக்கியப்பச்சை’ என்னும் மூலிகையை அறிந்து, அதிலிருந்து மருந்து செய்து, வந்த வருவாயில் காணிமக்களுக்கும் பங்கு அளித்தனர். அறிவுக்குக் கூலி கொடுத்த செயல் என்று உலகம் அதனைப் பேசிற்று. மற்றக் கிளை விதுரை வழியாக எங்களை மலைக்கு இட்டுச் சென்றது.

விதுரையைத் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. கல்லாறு என்ற பெயருக்கு ஏற்ப, உருண்டு தேய்ந்த பாறைகளுக்கு இடையே தெளிந்த நீர் ஓடுகிறது. இது வாமனபுரம் ஆற்றுக்கு நீர் சேர்க்கும் ஓடை. பார்க்கச் சாதுவாய்த் தோன்றினும் மலையில் மழை பெய்தால் நொடியில் பெருகிவிடும். வழுக்குப் பாறைகளும் ஆழ்ந்த கசங்களும் உண்டு. குழந்தைகளைக் கரையோடு நிறுத்திக்கொள்வதே நலம். அடுத்து வனத்துறைச் சாவடி. பிளாஸ்டிக் பொருள்களை அங்கேயே தடுத்துவிடுகிறார்கள். எங்கள் இட்லிகள் வாழையிலையில் இருந்தபடியால் தப்பின.

அங்கிருந்து தொடங்குகின்றன 22 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருக்கிறார்கள். மகன் நான்காம் வகுப்பு மாணவன். வளைவுகளை உரக்க எண்ணிக்கொண்டே வந்தான். பன்னிரண்டாம் வளைவில் அவன் குரல் தேய்ந்தது. பதினான்கில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு தாயின் மடியில் சாய்ந்தான். மீதி எட்டையும் அன்னையாரே எண்ணி முடித்தார். வீடு விற்ற பின் அவர் உரக்கப் பேசிய முதற்பேச்சு அந்த எண்களே என்பதை நாங்கள் கவனிக்காமல் இல்லை.

பொன்முடி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் ஆறு ஏழு பாகை குறையும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதனைத் தோலால் அறிந்தது இப்பொழுதுதான். பேருந்து நிற்கும் உச்சிக்கு ‘அப்பர் சானட்டோரியம்’ என்று பெயர். சுற்றிலும் மழைக்காடு, மேலே புல்வெளிக் குன்றுகள், கீழ்ச்சரிவில் தேயிலை. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் திருவிதாங்கூர் மலைகளில் முதலில் பயிரிட்டது காப்பி. 1870களில் இலைநோய் தாக்கிக் காப்பி அழிந்துவர, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அருகில் ‘வரையாட்டுமொட்டை’ என்றொரு குன்றும் உண்டு. தமிழகத்தின் மாநில விலங்காகிய வரையாடு அங்கே வாழ்கின்றது. எங்கள் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டவை குரங்குகளே. மூட்டையைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் அப்பளக் கட்டு ஒரு கிளையின் மேல் இருந்தது. பொரிக்காத அப்பளத்தைக் கடித்துப் பார்த்த அக்குரங்கு, உப்புக் கரித்ததோ என்னவோ, முகத்தைச் சுளித்துக்கொண்டு எங்களையே ஏசுவது போலப் பார்த்தது. அன்னையார் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் நாங்கள் எதற்காக வந்தோமோ அது கிட்டவில்லை. பகல் இரண்டு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. எதிரில் இருந்த குடிலும் தெரியவில்லை. வேலிக்கு அப்பால் வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. குடிலைப் பெருக்க வந்த மூதாட்டியிடம், “அகத்தியர்கூடம் எந்தப் பக்கம்?” என்று மெல்லக் கேட்டோம். அன்னையார் காதில் அது விழுந்துவிட்டது. அவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மூதாட்டி எங்கள் பேச்சைக் கேட்டதும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, “தமிழ்க்காரங்களா? எந்த ஊரு?” என்றார். அவருடைய பாட்டி கடையம் பக்கத்தவராம். கங்காணி ஒருவர் அழைத்து வர, கைக்குழந்தையுடன் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாராம். தாய் லயத்தில் பிறந்தவர். இவரும் லயத்திலேயே பிறந்து, கொழுந்து கிள்ளி மூத்து, இப்பொழுது பெருக்கும் வேலை செய்கிறார். அவர் தமிழில் மலையாளம் கலந்திருந்தது. ஆயினும் சொல்லின் ஓசை எங்கள் தாமிரபரணிக் கரை ஓசையே. கடையத்தை அவர் ஒரு முறையும் கண்டதில்லை. “பாட்டி சொல்லிச் சொல்லித் தெருவெல்லாம் தெரியும். போனாத்தான் வழி தெரியாது” என்றார். அன்னையார் அவரைப் பக்கத்தில் அமர்த்தி, இட்லியை இலையில் வைத்துக் கொடுத்து, கடையத்தின் தெருக்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒரு மணி நேரம் இருவரும் பேசினர். காணாத ஊரின் தெருவைக் கண்டவரிடம் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார் அம்மூதாட்டி. நாங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விடைபெறும்போது அவர் சொன்னார்: “காலைல ஆறரைக்குள்ள மேல வந்து நில்லுங்க. மஞ்சு விலகினா கூடம் தெரியும். விலகலேன்னா நம்ம கையில என்ன இருக்கு?” மஞ்சு என்பது மலையாளத்தில் மூடுபனி. தமிழிலும் மேகத்தைக் குறிக்கும் பழஞ்சொல் அதுவே. நாம் மறந்துவிட்ட சொல்லை அண்டை வீட்டார் நாள்தோறும் புழங்குகிறார்கள்!

அன்றிரவு குளிர் எலும்பைத் தொட்டது. குடிலின் ஓட்டின் மேல் காற்று ஓயாமல் உராய்ந்தது. ஐவரும் இரண்டு கட்டில்களை ஒன்று சேர்த்து, கொண்டுவந்த சால்வை, சேலை அனைத்தையும் போர்த்திக்கொண்டோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், “ஆச்சி, அகத்தியர் யாரு?” என்று கேட்டாள். கயிலையில் இறைவன் திருமணத்துக்கு எல்லோரும் கூடியதால் வடக்குத் தாழ்ந்து தெற்கு உயர்ந்ததையும், நிலத்தைச் சமன் செய்யக் குறுமுனியைத் தெற்கே அனுப்பியதையும், திருமணத்தைக் காண முடியாத அவர்க்குப் பாபநாசத்தில் மணக்கோலக் காட்சி கிடைத்ததையும் அன்னையார் விரிவாய்ச் சொன்னார். மகள் போர்வைக்குள் கைவிளக்கை வைத்துக்கொண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதினாள். பொதிகை, பாபநாசம், தாமிரபரணி, கடையம் என்று தமிழ்ப் பெயர்கள். எழுத்தோ மலையாள எழுத்து. அவளுக்கு வேறு எழுத்துத் தெரியாது. “எங்கே, காட்டு பாப்போம்” என்று அன்னையார் குறிப்பேட்டை வாங்கினார். கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பின்பு திருப்பிக் கொடுத்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கே. எனக்குத்தான் வாசிக்கத் தெரியல” என்றார். அவ்வளவுதான். குற்றஞ்சாட்டும் குரல் அன்று. ஆயினும் எங்களுக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

காலையில் ஆறு மணிக்கே எழுந்து மேட்டுக்கு ஏறினோம். புல் நுனிகளில் பனி கோத்திருந்தது. அன்னையார் ஒரு கையால் பேத்தியையும் மறு கையால் ஊன்றுகோலையும் பற்றி ஏறினார். அம்மூதாட்டி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கிழக்கே ஒன்றும் தெரியவில்லை, வெண்படலம் மட்டும். ஆறரை ஆயிற்று, கால் மணி கழிந்தது. மகன் பற்கள் கிடுகிடுக்க, “போகலாமா?” என்று இருமுறை கேட்டுவிட்டான். அப்பொழுது கீழிருந்து ஒரு காற்று எழுந்தது. பனி திரை போல விலகவில்லை. பால் ஆடை கிழிவது போல அங்கங்கே கிழிந்தது. முதலில் கீழே ஒரு காட்டுச் சரிவு; பிறகு அதன் பின்னே ஒரு வரை; அதன் பின்னே இன்னொன்று. அவற்றிற்கெல்லாம் அப்பால், தென்கிழக்கில், கூம்பிய ஒரு சிகரம் கருநீலமாய் நின்றது. அதற்குச் சற்று இடப்புறத்தில் வானம் சிவந்து கதிரவன் எழுந்துகொண்டிருந்தான்.

“அதான்” என்றார் மூதாட்டி.

அன்னையார் கை கூப்பவில்லை. கண்ணீர் விடவும் இல்லை. நெற்றியில் கை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சற்றே ஏமாந்தவர் போல, “இது அது மாதிரி இல்லையே. நம்ம ஊர்ல இருந்து பாத்தா இவ்வளவு கூரா இருக்காது” என்றார். மூதாட்டி சிரித்துக்கொண்டு, “எங்க பாட்டியும் சாகுறவரைக்கும் இதையேதான் சொல்லிச்சு” என்றார்.

மலை ஒன்றுதான், நிற்கும் இடந்தான் வேறு. கிழக்குச் சரிவில் விழும் நீர் தாமிரபரணியாகி நெல்லைச் சீமையை வளப்படுத்தி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மேற்குச் சரிவின் நீர் 56 கிலோமீட்டர் ஓடி, நெய்யாறாகிப் பூவாற்றருகே அரபிக் கடலை அடைகிறது. நெய்யாற்றின் குறுக்கே கட்டிய அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் தந்தது. 2004ஆம் ஆண்டில் அந்நீர் நின்றது. 2012இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. எல்லையோர மக்களாகிய நாம் இருபுறத்து உழவர்களையும் அறிவோம். ஆகவே இதனை எண்ணும்போது ஒரு பக்கமாய்ப் பேச நமக்கு நா எழுவதில்லை.

அப்பொழுது அன்னையார் ஊன்றுகோலை உயர்த்தி, பேரக் குழந்தைகளுக்குத் திசை காட்டத் தொடங்கினார். “அந்தச் சிகரத்துக்கு இடது கைப்பக்கம், அந்த வரை இருக்கு பாரு, அதுக்குப் பின்னால பாபநாசம். அதுக்கும் அந்தப் பக்கம் ஆத்தோரமாப் போனா அம்பாசமுத்திரம். அங்கிட்டுத்தான் நம்ம வீடு.”

மகள் அறியாமல் கேட்டுவிட்டாள்: “ஆச்சி, அது இப்பவும் நம்ம வீடா?”

எங்களுக்கு நிமிர்ந்து நிற்க இயலவில்லை. இல்லாள் மகளின் தோளைத் தொட்டார். அன்னையார் ஊன்றுகோலைத் தாழ்த்தவில்லை. சற்று நேரம் கழித்துச் சொன்னார்: “வீடு கை மாறிட்டு. திசை மாறல.”

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “இங்கேருந்து எவ்வளவு தூரம் இருக்கும்?” என்றார். இரயில்வேக்காரரிடம் கேட்ட கேள்வி அல்லவா? பறவை பறக்கும் வழியில் பாபநாசம் அம்மேட்டிலிருந்து 30 கிலோமீட்டர் கூட இராது. ஆனால் மலையைச் சுற்றிக்கொண்டு, பாறசாலையிலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி வழியே அம்பாசமுத்திரம் செல்ல 150 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இதைச் சொன்னதும் அவர், “சுத்திப் போனாலும் ஒரே நாள் வழிதானே. வீடு இல்லேன்னா ஊரு இல்லாமலா போச்சு? சித்திரை விசுவுக்கு எல்லாரும் போய் ஆத்துல குளிச்சிட்டு வருவோம். இந்த அம்மாவையும் கூட்டிப் போய்க் கடையத்தைக் காட்டணும்” என்றார். மூதாட்டி ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பனியில் நனைந்திருக்கலாம்.

பத்து நிமிடத்துக்குள் மூடுபனி மீண்டும் சேர்ந்துகொண்டது. அன்று முழுவதும் சிகரம் தெரியவேயில்லை. எங்களுக்குப் பின்னால் ஏறி வந்த பயணிகள் வெண்மையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிற்பகல் பேருந்தில் இறங்கினோம். இறங்கும்போது மகன் வளைவுகளை இருபத்திரண்டிலிருந்து கீழாக எண்ணினான்; இம்முறை ஒன்றுவரை எண்ணி முடித்துவிட்டான்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொல்லி முடிக்கின்றோம். மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. பெருமழைக் காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடுவது உண்டு. விசாரித்த பிறகே புறப்படுக. பகலில் வந்து போவோர் மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். மலைமேல் விடியலைக் காண விரும்புவோர் குடிலை முன்னரே பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். கம்பளி தாராளமாய் எடுத்துச் செல்க. உணவு மூட்டையைக் குரங்குகளிடமிருந்து காத்துக்கொள்க. முதியோரை அழைத்துச் செல்லத் தயங்க வேண்டா. மேட்டுக்கு மெல்ல நடந்தே ஏறிவிடலாம். முக்கியமாக, ஓர் இரவேனும் தங்குக. மலை எல்லா நேரமும் காட்சி தருவதில்லை. காத்திருப்பவர்க்கே அந்தப் பத்து நிமிடம் வாய்க்கும்.

வீடு திரும்பிய மறுநாள் காலை அன்னையார் காப்பிக் குவளையுடன் பின்கட்டில் நின்றிருந்தார். மேகம் மூடியிருந்தது, சிகரம் தெரியவில்லை. ஆயினும் அத்திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் அருகில் வந்து குறிப்பேட்டின் புதிய பக்கம் ஒன்றை நீட்டி, “ஆச்சி வாசிக்கிற மாதிரி எழுதணும்னா தமிழ்லதானே எழுதணும்? சொல்லிக் கொடுங்க” என்றாள். அன்றுமுதல் மாலைதோறும் பின்கட்டுத் திண்ணையில் பாடம் நடைபெறுகிறது. பொதிகை என்று எழுதக் கற்றுக்கொண்டாள், தாமிரபரணியும் வந்துவிட்டது. றன்னகரத்துக்கும் டண்ணகரத்துக்கும் சுழி எண்ணுவதில்தான் இன்னும் தடுமாறுகிறாள். சித்திரைக்குள் சரியாகிவிடும் என்று ஆசிரியை சொல்கிறார்.